இரண்டு கையும் துடுப்பில், தூண்டில் எங்கே?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் பென்சகோலா, டெஸ்டின் பக்கம் கோடைக்காலத்தில் விடிவதற்கு முன்பே கடற்கரை விழித்துவிடும். கார் கூரையிலிருந்து கயாக்கை இறக்கி, மணலில் இழுத்து வந்து, அலை ஓயும் இடைவெளி பார்த்து உள்ளே தள்ளுவார்கள். மெக்சிகோ வளைகுடாவில் அவர்கள் தேடிப் போவது கிங் மேக்கரல் என்ற மீனை. நம் சந்தையில் விலை கேட்டாலே மலைக்க வைக்கும் வஞ்சிரமும் அதுவும் ஒரே பேரினம். உயிருள்ள சிறுமீனை முள்ளில் கோத்து, தூண்டில் நரம்பை 20, 30 மீட்டர் பின்னால் விட்டு, துடுப்பை மெல்ல வலித்தபடி இழுத்துக்கொண்டே போவது அங்கே வழக்கமான முறை. ட்ரோலிங் என்பார்கள்.

துடுப்பு வலிக்க இரண்டு கையும் வேண்டும். அப்படியானால் தூண்டில் கம்பை, மீன்பிடிப்பவர்கள் வாய்மொழியில் ராடை, யார் பிடித்துக்கொள்வது? கயாக்கின் ஓரத்தில் திருகி வைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதுதான் ராடு ஹோல்டர்.

மீன் கடிக்காதவரை அதை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடித்த நொடியில் கதை மாறிவிடும். நரம்பு சுற்றிய ரீல் கிறீச்சிடும். ராடு வில்லாக வளையும். உட்கார்ந்திருப்பவர் துடுப்பைத் தண்ணீரில் நழுவவிடாமல் வைக்க வேண்டும்; ஒரு கையால் ராடை எட்டிப் பிடித்து, இழுவிசையோடு போராடி உருவ வேண்டும்; அதே நேரத்தில் முக்கால் மீட்டர் அகலமே உள்ள படகு கவிழாமல் இடுப்பால் சமாளிக்க வேண்டும். ஹோல்டர் சரியான இடத்தில், சரியான கோணத்தில், சரியான பிடியோடு இருந்தால் இவ்வளவும் மூன்று நான்கு நொடியில் முடியும். இல்லையென்றால் மீன் போகும். சில வேளை ராடும் சேர்ந்து போகும்.

கடையிலோ இணையத்திலோ தேடினால் ஹோல்டர்கள் டஜன் கணக்கில் கிடைக்கும். பெரும்பாலானோர் முதலில் அங்கேதான் தொடங்குகிறார்கள்: எந்தக் கம்பெனி, எந்த மாடல், என்ன விலை. படகில் எங்கே பொருத்துவது என்பது அடுத்த யோசனை. அங்கே ராடு என்ன செய்யப் போகிறது என்பது, ஓட்டை போட்டு முடித்த பிறகு வரும் யோசனை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிப் பணம் மிச்சம். தேவையற்ற ஓட்டைகளும் மிச்சம்.

வேட்டைக்காரரின் தளம்

கயாக் தொடக்கத்திலிருந்தே வேட்டைப் படகு. ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்தித் தைத்து அதைச் செய்தார்கள். கிரீன்லாந்தின் பழைய வேட்டைக் கயாக் ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர், அதன் மேல்தளத்தில் ஒரு பொருள்கூட எதேச்சையாக வைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கலாம். எறியீட்டி வலக்கைக்கு எட்டும் தூரத்தில், தோல் வாரிலும் எலும்புத் துண்டிலும் தாங்கி நிற்கும். ஈட்டியின் வார்க்கயிறு வேட்டைக்காரருக்கு நேர் முன்னால் சிறு மேடைமேல் சுருண்டிருக்கும். காற்று நிரப்பிய சீல்தோல் மிதவை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

ஈட்டி பாய்ந்ததும் அதன் முனை கழன்று சீலின் உடலில் தங்கும். மேடையிலிருந்து கயிறு அவிழ்ந்தோடும். வேட்டைக்காரர் பின்னாலிருக்கும் மிதவையைத் தண்ணீரில் தள்ளிவிடுவார். காயம்பட்ட விலங்கு மிதவையை இழுத்துக் களைக்கும், படகை இழுக்காது. எது கைக்கு எட்ட வேண்டும், எது முதுகுக்குப் பின்னால் போகலாம், இழுவிசை எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்தத் தளமே விடை. இன்றைக்கு ராடு ஹோல்டர் வாங்குபவர் கேட்க வேண்டியதும் இதே மூன்றுதான்.

இடையில் படகு வெகுவாக மாறிவிட்டது. 1970களில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமியர் என்பவர், உள்ளே நுழைந்து உட்காராமல் மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்குகளைச் செய்யத் தொடங்கினார். ஓஷன் கயாக் என்ற கம்பெனி அதிலிருந்து வளர்ந்தது. கவிழ்ந்தாலும் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும், திரும்ப ஏறிக்கொள்ளலாம் என்பதால் முக்குளிப்போரும் மீன்பிடிப்போரும் அதை விரும்பினார்கள். திறந்த தளம் கிடைத்ததும் அதில் எதையெல்லாம் பொருத்தலாம் என்ற ஆசை தானாக வந்தது. 1997இல் ஹோபி கம்பெனி மிராஜ் டிரைவ் என்ற மிதி இயந்திரத்தைக் கொண்டுவந்து, காலால் மிதித்தே கயாக்கை ஓட்டலாம் என்றாக்கியது. அதன் பிறகு கை விடுதலையாயிற்று. ஹோல்டர் வைக்கும் இடக் கணக்கும் மாறியது.

ராடுக்கு நான்கு வேலை

கயாக்கில் ஒரு ராடு நான்கு நிலைகளில் இருக்கும். கரையிலிருந்து மீன் இருக்கும் இடத்துக்குப் போகும்போது அது வெறும் சுமை. ட்ரோலிங்கின்போது அது பின்னால் நரம்பை இழுத்துக்கொண்டு கடிக்காகக் காத்திருக்கும். நங்கூரமிட்டோ நீரோட்டத்தில் மிதந்தோ இரை போட்டிருக்கும்போது, நுனியின் சின்ன அசைவுகூடக் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். கடைசியாக, பிடித்த மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றவோ புது முள் கட்டவோ கை வேண்டும்போது அரை நிமிடம் எங்காவது ஓய்வெடுக்க வேண்டும்.

நான்குக்கும் ஒரே ஹோல்டர் பொருந்தாது. சுமந்து செல்ல ஏற்றது பின்பக்கம், இறுக்கமாக, நிமிர்ந்தோ படுத்தோ. ட்ரோலிங்குக்கு ஏற்றது முன்பக்கம், பக்கவாட்டில் சாய்ந்து, அழுத்தமான பிடியோடு. காத்திருப்புக்குக் கண்ணுக்கு நேராக ஒன்று. அரை நிமிட ஓய்வுக்கு, பூட்டும் வாரும் எதுவுமில்லாமல் சட்டென்று வைத்துச் சட்டென்று எடுக்கும் திறந்த தாங்கி. தன் மீன்பிடிப்பில் இவற்றில் எது அதிகம் என்று தெரிந்தவருக்கு, கடையின் டஜன் மாடல்களில் முக்கால்வாசி அப்போதே விலகிவிடும்.

குழாய், கவை, கை

மீன்பிடிக்கென்றே வரும் கயாக்குகள் பலவற்றில் இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் சாய்வான இரண்டு குழிகள் இருக்கும். தளத்தோடு தளமாகப் பதித்த குழாய்கள் இவை. தடுக்காது, உடையாது, தனி விலை கிடையாது. துடுப்பு வலிக்கும் பாதையில் வருவதும் இல்லை. ராடுகளைச் சுமக்கவும், அவசரமில்லாத ட்ரோலிங்குக்கும் போதும். ஆனால் கோணத்தை மாற்ற முடியாது. மீன் கடித்தால் உடம்பை முழுக்கத் திருப்பி முதுகுப்பக்கம் எட்ட வேண்டும். ஆடும் படகில் அப்படித் திரும்புவதுதான் புதியவர்களைக் கவிழ்க்கும் அசைவு.

அடுத்தது தளத்துக்கு மேல் நிற்கும் குழாய் வகை. ராடின் அடிப்பிடி முழுதும் குழாய்க்குள் இறங்குவதால் பிடி உறுதி. ஆனால் உறுதியே தொல்லையாகவும் முடியும். மீன் பக்கவாட்டில் இழுக்கும்போது அடிப்பிடி குழாயின் சுவரில் அழுந்திச் சிக்கிக்கொள்ளும்; குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் நேராக உருவினால்தான் வெளியே வரும். நீளக்கை ராடு வைத்திருப்பவருக்கு இது பொருட்டல்ல. குட்டைக்கை ராடுக்கு ஆழக் குழாய் கூடாது.

திறந்த கவை வகையில் ராடின் பின்நுனி ஒரு வளையத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். முன்பகுதி கவட்டை போன்ற தாங்கியில் படுத்திருக்கும். நுனியை உயர்த்தி முன்னால் தள்ளி எடுத்தால் ஒரே அசைவில் கைக்கு வந்துவிடும். ட்ரோலிங் செய்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான். சிலவற்றில் ராடு தானாக எகிறாமலிருக்க மேலே ஒரு பூட்டுவளையமோ வாரோ உண்டு. கரடுமுரடான நீரில் அது காப்பு. அவசரத்தில் மறந்துவிட்டால் அதுவே தடை. வாங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் திறக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்தத் தாங்கிகளைப் படகோடு இணைக்கும் கையிலும் வகைகள் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மன் பிடிப்போருக்குப் பழகிய ஸ்காட்டி கம்பெனியின் ஹோல்டர்கள், பல் வெட்டிய தண்டு ஒன்றில் இறங்கி நிற்கும். ஒரு பல் தள்ளி வைத்தால் திசை மாறும், இழுவையில் வழுக்காது. சியாட்டிலின் ராம் மவுண்ட்ஸ், ரப்பர் பூசிய உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் முறையை வைத்திருக்கிறது. எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம் என்பது அதன் வசதி. 1 அங்குல உருண்டை செல்பேசிக்கும் சிறு கருவிக்கும் போதும். பெரிய மீன் இழுக்கும் ராடுக்கு 1.5 அங்குல உருண்டையே தாங்கும். நியூசிலாந்தின் ரெயில்பிளேஸா நட்சத்திர வடிவ அடித்தளம் ஒன்றை வைத்து, அதன்மேல் ஹோல்டர், விளக்கு, கேமரா எனப் பலதையும் மாற்றி மாற்றிப் பொருத்த விடுகிறது. வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் லூதர் சைஃபர்ஸ் 2009இல் தொடங்கிய யாக்அட்டாக், கயாக்கின் ஓரத்தில் அலுமினியத் தடம் பதித்து அதில் எதையும் நகர்த்திப் பூட்டும் முறையால் பெயர் பெற்றது.

இந்தப் பெயர்களுக்குள் எது உயர்த்தி என்ற வாதத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று. ஹோல்டர் உடைந்தால் மாற்றிவிடலாம். அடித்தளத்துக்குப் போட்ட ஓட்டையை மாற்ற முடியாது. உண்மையில் வாங்குவது அடித்தளத்தைத்தான். மீன்காட்டிக் கருவியும் இரவு விளக்கும் பின்னாளில் அதே அடித்தளத்தில் ஏறப்போகின்றன என்பதால், ஒரு படகுக்கு ஒரே வகை அடித்தளம் என்று முடிவு செய்துகொண்டால் பிறகு குழப்பம் இல்லை. ஒரு கம்பெனியின் ஹோல்டரை இன்னொன்றின் அடித்தளத்தில் பொருத்த இணைப்புத் துண்டுகள் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஆடுவதற்கு இன்னொரு மூட்டு.

ரீல் தொங்குமா, உட்காருமா?

ஹோல்டரை ராடோடு பொருத்திப் பார்க்காமல் வாங்கித் திரும்பக் கொடுப்பவர்கள் பலர். காரணம் ரீல். ஸ்பின்னிங் ரீல் ராடுக்கு அடியில் தொங்கும். அதன் தண்டு இறங்க ஹோல்டரின் முன்பக்கம் அகலமான வெட்டு வேண்டும். பெய்ட்காஸ்டர் ரீல் ராடின்மேல் உட்காரும். ஆனால் அந்த ராடுக்கு அடியில் விரல் மாட்டும் கொக்கி போன்ற புடைப்பு ஒன்று உண்டு. அதற்கு இடமில்லாத குழாயில் ராடு பாதியிலேயே நின்றுவிடும். ஃப்ளை ராடில் ரீல் கடைக்கோடியில் இருப்பதால் அதற்குக் கீழே குழாயில் இறங்க எதுவுமே இல்லை. அதற்கென்று செய்த திறந்த தாங்கிதான் வழி.

ரீலின் கைப்பிடி சுற்ற இடம் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. கைப்பிடி ஹோல்டரில் இடித்தால், ராடை எடுக்காமலேயே தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொள்ளும் வசதி போய்விடும். கடைக்குப் போகும்போது சொந்த ராடையும் ரீலையும் கையோடு கொண்டுபோவது, பத்து விமர்சனம் படிப்பதைவிட மேல்.

புல்தரையில் ஒரு ஒத்திகை

இடத்தைத் தேர்வதற்குத் தண்ணீர் தேவையில்லை. கயாக்கைப் புல்தரையிலோ மணலிலோ வைத்து, உயிர்க்காப்பு அங்கியும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். துடுப்பை எடுத்து வெறுங்காற்றில் வலித்துப் பார்க்க வேண்டும். மெதுவாக ஒரு தடவை. எதிர்க்காற்றில் திரும்பும்போது போல வேகமாக, அகலமாக ஒரு தடவை. துடுப்பும் முட்டியும் கடக்கும் வெளி எது என்று அப்போது தெரியும். அந்த வெளிக்குள் ஹோல்டர் வரக்கூடாது. பெரும்பாலான படகுகளில் பாதத்தின் பக்கத்தில் முன்னால் ஓர் இடமும், இருக்கைக்குச் சற்றுப் பின்னால் ஓர் இடமும் எஞ்சும்.

இனி எட்டும் தூரம். முன்னால் வைக்கும் ஹோல்டரிலிருந்து ராடை எடுக்க முதுகை இருக்கையிலிருந்து வெகுவாகப் பிரிக்க வேண்டியிருந்தால் அது தூரம் அதிகம். நண்பர் ஒருவரை நரம்பின் மறுமுனையைப் பிடித்து 20 மீட்டர் பின்னால் நின்று இழுக்கச் சொல்லி, அந்த இழுவையிலேயே ராடை உருவிப் பார்ப்பது அருமையான சோதனை. கடையில் வெண்ணெய்போல வழுக்கி வந்த ராடு இங்கே அசையாமல் நிற்பதைப் பலர் முதல்முறையாகக் காண்பார்கள்.

மிதித்து ஓட்டும் கயாக்கில் துடுப்பின் பாதை என்ற தொல்லை கிடையாது; முன்பக்கம் தாராளம். ஆனால் அங்கே முழங்கால் ஏறி இறங்கும். மிதி பழுதானால் துடுப்பைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே துடுப்புக்கான வெளியை மிதி கயாக்கிலும் ஓரளவு காலியாக விடுவது புத்தி.

ட்ரோலிங்குக்குக் கோணமும் முக்கியம். 2.1 மீட்டர் ராடு இரண்டை இரு பக்கமும் நேர் செங்கோணத்தில் விரித்து, கிடைமட்டத்திலிருந்து 30 பாகை உயர்த்தி வைத்தால், இரண்டு நுனிகளுக்கும் இடையே மூன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி கிடைக்கும். இரண்டையும் நிமிர்த்தி வைத்தால் நரம்புகளுக்கு இடையே படகின் அகலம் மட்டுமே. படகு திரும்பும்போது உள்வட்டத்தில் இருக்கும் நரம்பு வேகம் குறைந்து தாழும். இடைவெளி குறைவானால் இரண்டும் பின்னிக்கொள்ளும். ராடைப் பின்னோக்கி, நரம்பின் திசையிலேயே நீட்டி வைப்பதும் தவறு. கம்பு வளைய வாய்ப்பில்லாததால் மீனின் முதல் வெட்டு முழுவதும் நரம்பிலும் ஹோல்டரிலும் அப்படியே இறங்கும்.

மூன்று கிலோ இழுவை அறுபது கிலோ ஆகும் விதம்

ஹோல்டர் பிய்ந்து வந்துவிட்டது என்பவர்கள் பெரும்பாலும் மீனின் எடையைச் சொல்வார்கள். கணக்கு வேறு. நரம்பின் தாங்குதிறனில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குவரை ரீலின் டிராக்கை, அதாவது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, இறுக்கி வைப்பது பொது வழக்கம். 10 கிலோ தாங்கும் நரம்பானால் ஏறக்குறைய 3 கிலோ இழுவை வந்ததும் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும். அந்த 3 கிலோ, ஹோல்டரிலிருந்து 1 மீட்டர் தள்ளிச் செயல்படுவதாக வைத்துக்கொள்வோம். அடித்தட்டின் திருகுகளுக்கு இடையே 5 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், நெம்புகோல் விதிப்படி விசை 20 மடங்காகி, அந்தப் பக்கத்துத் திருகுகளை 60 கிலோ அளவுக்கு மேல்நோக்கி இழுக்கும்.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. அடித்தட்டு அகலமாக அகலமாகத் திருகுகளின் பாரம் குறையும். ஹோல்டரை உயர்த்தி வைக்கும் நீட்டுத்தண்டு ஒவ்வொன்றும் பாரத்தைக் கூட்டும். டிராக்கை முழுதாக இறுக்கிவிட்டு ராடை ஹோல்டரில் வைப்பது, தூண்டில் தரையில் சிக்கும்போதும் படகை ஆபத்தில் தள்ளும். முள் பாறையில் மாட்டி, நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டிருந்தால், பக்கவாட்டில் நீட்டிய ராடு படகைக் கவிழ்க்கும் நெம்புகோலாகிவிடும். கிங் மேக்கரல் பிடிப்பவர்கள் டிராக்கை ஒன்றரை கிலோ அளவுக்கும் கீழே தளர்த்தி வைக்கிறார்கள். அந்த மீனின் முதல் ஓட்டம் அசுர வேகம். இறுக்கிப் பிடித்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

ஒட்டாத பிளாஸ்டிக்

இன்றைய கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் தூளை அச்சில் போட்டு, உலையில் சுழற்றிச் சுழற்றி உருக்கிப் படிய வைக்கும் முறையில் தயாராகின்றன. நம் வீட்டு மாடியிலுள்ள கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் அதே பொருள், அதே முறை. அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டுவதில்லை என்பதைத் தொட்டி வெடிப்பை ஒட்ட முயன்ற எவரும் அறிவார்கள். ஆகவே ஹோல்டரைப் பசையில் நம்பி வைக்க முடியாது. திருகோ ரிவெட்டோ நட்டோ வேண்டும்.

கை உள்ளே நுழையும் இடமாக இருந்தால் மிக உறுதியான வழி, போல்டை மேலிருந்து விட்டு, உள்ளே ஒரு தாங்கு தகடு வைத்து நட்டு போட்டு முறுக்குவது. பாரம் தகடு முழுக்கப் பரவும். கை எட்டாத இடத்துக்கு, ஓட்டைக்குள் போனதும் மூன்று கால்களாகப் பிரிந்து கவ்வும் ரிவெட் உண்டு. ரப்பர் உறைக்குள் பித்தளை நட்டு வைத்த இன்னொரு வகை, முறுக்க முறுக்க உள்ளே புடைத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வெறும் திருகை பிளாஸ்டிக்கில் நேரே முறுக்குவது கடைசி வழி. சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள சுவரில் அதன் மரைக்குப் பிடிமானம் குறைவு. கடல்நீருக்கான சிலிகான் தடவுவது நீர் கசியாமலிருக்க; பிடிப்புக்காக அல்ல.

உப்புநீரில் ஓட்டுபவர் 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகுகளைக் கேட்டு வாங்குவது நல்லது. 304 ரகத்தைவிட உப்பை அதிகம் தாங்கும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். வெளுத்த பொடி பூத்த அலுமினியத் தடங்களைக் கடலோரக் கயாக்குகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுவதுதான் மருந்து.

ஓட்டை போட மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. பல கயாக்குகளில் தயாரிப்பாளரே மரை வெட்டிய பித்தளைக் குழிகளையோ தடங்களையோ பதித்துக் கொடுக்கிறார். காற்றூதும் கயாக்கில் திருகு என்ற பேச்சே இல்லை. அங்கே துணியோடு ஒட்டும் வளையும் அடித்தளம்தான். பிவிசி பூசிய துணியில், பாலிஎத்திலீனில் போலல்லாமல், அதற்குரிய பசை நன்றாகப் பிடிக்கும். இன்டெக்ஸ் கம்பெனியின் எக்ஸ்கர்ஷன் போன்ற சில ஊதும் படகுகளில் ஹோல்டர் கூடவே வருகிறது.

மரக்கிளை, அலை, மின்கம்பி

இடத்துக்கு இடம் முறை மாறும். ஃப்ளோரிடாவின் தெற்கே எவர்கிளேட்ஸ் அலையாத்திக் காடுகளில் கிளைகள் நீரைத் தொட்டுத் தொங்கும். அங்கே முதுகுக்குப் பின்னால் நான்கு ராடுகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கால்வாய்க்குள் நுழைந்தால், ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு நுனியாகப் பிடித்து இழுக்கும். பின்னால் நடப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. நுனி முறியும் சத்தம்தான் முதல் தகவல். அப்படிப்பட்ட நீரில் ராடுகள் படகின் நீளவாக்கில் படுத்திருக்க வேண்டும், நுனிக்கு உறையோடு.

திறந்த ஏரியில் நிலைமை நேர்மாறு. பாஸ் மீன் பிடிப்பவர்கள் வெவ்வேறு இரை கட்டிய ஐந்தாறு ராடுகளோடு போவார்கள். பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கூடையை இருக்கைக்குப் பின்னால் கட்டி, அதன் ஓரத்தில் குழாய்களை நிறுத்தி ராடுகளைச் செருகுவது அங்கே பழைய பழக்கம். இன்று அதே கூடையின் வடிவில் ஹோல்டரோடு கூடிய பெட்டிகளைக் கம்பெனிகள் விற்கின்றன. வீட்டில் செய்ய ஒன்றரை அங்குல பிவிசி குழாயை 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ரீல் தண்டு இறங்க ஒரு வெட்டு வெட்டி, கூடையில் கேபிள் டை போட்டு இறுக்கினால் போதும். குழாயின் வாயைச் சுடுகாற்றில் இளக்கிப் பாட்டிலின் கழுத்தில் அழுத்தினால் விரிந்துகொள்ளும். ராடின் பிடி உராயாது. சுமக்கும் வேலைக்கு இதற்கு மேல் செலவு தேவையில்லை. ட்ரோலிங் இழுவையை மட்டும் இதன் தலையில் கட்டக்கூடாது.

அலை உடையும் கரையில் ஏறி இறங்குபவருக்கு ஹோல்டரில் நிற்கும் ராடு எதிரி. கவிழ்ந்தால் ஆழமில்லாத இடத்தில் நுனிகள் மணலில் குத்தி முறியும். நீருக்கடியில் விரிந்து நிற்கும் ராடுகளும் முள்களும் படகைத் திருப்பவும் மறுபடி ஏறவும் விடாது. அனுபவசாலிகள் அலையைக் கடக்கும்வரை ராடுகளைப் படகின் உள்ளறையில் அடைத்துவிடுகிறார்கள், ஹோல்டர்களையும் கழற்றிவிடுகிறார்கள். நொடியில் கழற்றி மாட்டும் வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளிருப்பது இங்கேதான்.

நிமிர்ந்த ராடு இன்னொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. இன்றைய ராடுகள் பெரும்பாலும் கார்பன் நார், அது மின்சாரத்தைக் கடத்தும். ஆற்றின் குறுக்கே தாழ்ந்து செல்லும் மின்கம்பியின் கீழோ, இடி முழங்கும் திறந்த நீரிலோ, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் இரண்டு மீட்டர் உயர்ந்து நிற்கும் கடத்தி அது. இரவில் பின்னால் கம்பத்தில் வைத்த வெள்ளை விளக்கை ராடு வரிசை மறைத்தால், வேகப் படகில் வருபவருக்குக் கயாக் தெரியாமல் போகலாம்.

ராடு மிதக்காது

ராடும் ரீலும் சேர்ந்தால் கல்தான். எவ்வளவு நல்ல ஹோல்டரானாலும், ராடோடு இணைக்கும் சுருள் கயிறு ஒன்று வேண்டும். ஆனால் அந்தக் கயிறு எல்லா நேரத்துக்கும் அல்ல. மீனோடு போராடும்போது அது கையிலும் ரீலிலும் சுற்றிக்கொள்ளும். கவிழ்ந்த படகைச் சுற்றிக் கயிறுகள் தொங்கினால் காலில் மாட்டும். அதனால் பலர் ஹோல்டரில் இருக்கும்வரை கயிற்றை மாட்டி, கையில் எடுத்ததும் கொக்கியைக் கழற்றுகிறார்கள். கயிற்றுக்குப் பதில் ராடின் அடிப்பிடியில் நுரை மிதவை கட்டுவதும் உண்டு. கயிறு மாட்டினால் அதை ஹோல்டரில் மாட்டாமல் படகின் உடலில் மாட்ட வேண்டும். ஹோல்டரே பிய்ந்து போனால் கயிறு எதைக் காப்பாற்றும்?

எதை முதலில் வாங்குவது?

புதிதாகக் கயாக் வாங்கியவருக்குப் பின்பக்கப் பதிகுழாய் இரண்டு ஏற்கெனவே இருந்தால், சுமக்கும் வேலை முடிந்தது. தேவைப்படுவது முன்பக்கம் ஒன்று: ட்ரோலிங்குக்கும் ஓய்வுக்கும் பயன்படும், கோணம் மாற்றக்கூடிய திறந்த கவை வகை. வலக்கைக்காரர் துடுப்பை இடப்பக்கம் சாய்த்துவிட்டு வலக்கையால் ராடை எடுக்கப் பழகியவரானால் அது வலப்பக்கம். இரண்டாவது ஹோல்டர் பற்றிய முடிவைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். ஒரே நேரத்தில் எத்தனை தூண்டில் போடலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் விதியும் உண்டு. கலிஃபோர்னியாவின் உள்நாட்டு நீர்நிலைகளில் இரண்டாவது ராடு போடத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

அந்த ஒரு ஹோல்டருக்கும் உடனே டிரில்லை எடுக்க வேண்டாம். தயாரிப்பாளர் பதித்த தடம் இருந்தால் அதில் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டிப் பார்க்கலாம். தடம் இல்லாத படகில் ஒட்டுநாடாவால் இடத்தைக் குறித்து, அங்கே ஹோல்டர் நிற்பதாகவே எண்ணித் துடுப்பு வலித்துப் பார்க்கலாம். துடுப்பு அந்தக் குறியை ஒருமுறைகூடத் தொடாமல் சில பயணங்கள் போன பிறகு, உள்ளே கை எட்டுகிறதா, நுரைக்கட்டை எதுவும் குறுக்கே இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போல்டின் அளவுக்குரிய டிரில் முனையால் மெதுவாகத் துளையிடலாம். ஓட்டையின் விளிம்பில் எழும் பிசிறைக் கத்தியால் சீவி, சிலிகான் தடவி, தகடு வைத்து முறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு கயாக்கைத் தூக்கும் அளவுக்கு ஹோல்டரைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். அதில் அசைந்தால் தண்ணீரில் நிச்சயம் அசையும்.